டிராக்டர் அச்சும் பட்டறைக் கருவியும்

நம் நாடு விடுதலை பெற்ற நாளில் அதன்முன் நின்ற பெருங்கவலை உணவுக் கவலையேயாகும். நாம் இன்று குடியிருக்கும் இம்மத்தியப் பிரதேசத்தில் அக்காலத்தே லட்சக்கணக்கான ஏக்கர் கரிசல் நிலம் காட்டு நாணலால் மூடுண்டு வீணே கிடந்தது. 'கான்ஸ்' என்று இவ்வூரார் வழங்கும் அப்புல்லின் வேர் மாட்டு ஏருக்கு எட்டாத ஆழத்திற் படர்வது. மேலே அறுத்தால் கீழிருந்து மீண்டும் தழைக்கும். ஆழ உழுது வேரைப் புரட்டிக் கோடை வெயிலிற் காயவிடுவதே அதனை ஒழிக்கும் வழி. அதற்கு டிராக்டர் வேண்டியதாயிற்று.

இதற்கென 1947-இல் மத்திய டிராக்டர் அமைப்பு நிறுவப்பட்டது. போர் முடிந்தபின் அமெரிக்கப் படையினர் விட்டுச் சென்ற டிராக்டர்களைக் கொண்டே அது பணியைத் தொடங்கியது. 1949 ஆகஸ்டில் உலக வங்கி இந்தியாவுக்கு ஒப்பிய முதற் கடன் நம் ரயில்வேக்கானது; தொகை 3 கோடியே 40 லட்சம் டாலர். அடுத்த மாதமே ஒப்பிய இரண்டாங் கடன் 1 கோடி டாலர். அது இந்நாணல் நிலங்களைத் திருத்தும் பொறிகளுக்கானது. ரயிலும் உழவும் இவ்வாறு அடுத்தடுத்து இடம்பெற்றமை ரயில்வேக் குடும்பத்தாராகிய நமக்கு மகிழ்வு தருவதேயாம்.

பொறிகள் வந்தன. ஆனால் அவற்றைப் பழுது பார்ப்பதற்கு வேண்டிய கருவிகளோ எளிதிற் கிடைப்பனவாக இல்லை. கோடை உழவுக்குரிய காலம் அறுவடை முடிந்ததிலிருந்து மழை தொடங்கும் வரையுள்ள சில மாதங்களே. அதற்குள் ஒரு டிராக்டர் அச்சு முறிந்து நின்றுவிடின், அது உழவேண்டிய நிலம் அடுத்த கோடை வரை நாணலுக்கே உரியதாகிவிடும்.

பழுதுகளிற் கடினமானது பின்னச்சுப் பழுது. சக்கரத்தின் குடம் பல டிராக்டர்களில் சரிவாகக் கடைந்த அச்சு முனையில் இறுகப் பொருந்தியிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லத் துருவும் சேர்ந்து இரண்டும் ஒன்றாகவே ஆகிவிடும். இதனைச் சம்மட்டியால் அடித்துக் கழற்ற முயல்வோர் பலர். அவ்வடியின் அதிர்ச்சி உள்ளிருக்கும் பேரிங்கைப் பள்ளப்படுத்தும். அச்சு முனை காளான்போல் விரிந்து நட்டு ஏறாமற் போகும். ஒரு பழுதைத் தீர்க்கப் புகுந்து மூன்று பழுதுகளை உண்டாக்குவதே அதன் பயன்.

தக்க கருவி 'புல்லர்' எனப்படும் இழுவான். குடத்தின் போல்ட்டுகளிற் பொருந்துமாறு துளையிட்ட தடித்த இரும்புத் தகடும், அதன் நடுவே அச்சு முனையை அழுத்தும் பெருந்திருகுமே அதன் உறுப்புகள். திருகைச் சிறிது சிறிதாக முறுக்கினால், குடம் 'படார்' என்னும் ஓசையுடன் விடுபடும். அப்போது அது பாய்ந்து ஆளைத் தாக்காதவாறு நட்டை முற்றுங் கழற்றாமல் சில மரைகளில் விட்டுவைப்பது அறிந்தோர் வழக்கம்.

இக்கருவி இல்லாதவிடத்துப் பட்டறையார் தாமே செய்துகொண்டனர். முறிந்த லாரி அச்சு நல்ல எஃகு. அதனைக் கடைசலிற் பிடித்து மரை வெட்டினால் திருகு ஆயிற்று. உடைந்த வில்பட்டையைக் காய்ச்சி வளைத்து எண்ணெயில் தோய்த்தால் கொக்கி ஆயிற்று. பழைய தண்டவாளத் துண்டே பட்டடைக் கல்லாய் அமைந்தது.

ஸ்பானரிலும் ஒரு சிக்கல் இருந்தது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் வகுத்தது 60 பாகை. அரை அங்குல போல்ட்டில் முன்னதற்கு அங்குலத்திற்கு 12 மரைகள், பின்னதற்கு 13. விட்வொர்த் ஸ்பானரிற் பொறித்த எண் போல்ட்டின் தடிமனைக் குறிக்கும். அமெரிக்க ஸ்பானரிலோ நட்டின் அகலத்தைக் குறிக்கும். ஆங்கில அளவுகளிற் பழகிய நம் பட்டறைகளுக்கு அமெரிக்க டிராக்டர் புதிராய்த் தோன்றியதில் வியப்பில்லை. 1948 நவம்பரில் இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் ஒரே மரைக்கு உடன்பட்டன; எனினும் முன்பே வார்த்த இரும்பு உடன்பாட்டிற்கு இணங்குமோ? 1956 ஆகஸ்டு 15-இல் ராஜஸ்தானத்துச் சூரத்கரில் சோவியத் நாடு நன்கொடையாக அளித்த பொறிகளைக்கொண்டு பெரும்பண்ணை தொடங்கியபோது, மில்லிமீட்டர் அளவும் வந்து சேர்ந்தது.

சங்கிலித்தடத்தில் ஊரும் பெரிய டிராக்டர்களின் பற்சக்கரத்தைக் கழற்றத் திருகு மட்டும் போதாது. பற்பல டன் அழுத்தந் தரும் நீரழுத்தப் பொறி வேண்டும். ரயில்வே பட்டறைகளில் சக்கரத்தை அச்சில் ஏற்றுவதும் இறக்குவதும் இவ்வகைப் பொறியாலேயே. 1795-இல் ஜோசப் பிராமா என்பார் கண்ட அவ்வகைப் பொறியே ரயில் சக்கரத்திற்கும் உழவுச் சக்கரத்திற்கும் பொதுவாயிற்று.

கருவி இருந்தாற் போதாது, கையாளும் கையும் வேண்டும் என்பதை அரசாங்கம் உணர்ந்தது. 1955-இல் நர்மதைக் கரையிலுள்ள புத்னியில் டிராக்டர் பயிற்சி நிலையம் அமைந்தது. சென்னையிலிருந்து போபாலுக்கு வரும் நாம் இடார்சி கடந்து ஆற்றைத் தாண்டியதும் காணும் அச்சிறு நிலையமே புத்னி. பின்னர் ஃபரீதாபாதில் 1959-இல் ஐஷர் டிராக்டரும், சென்னையில் 1960-இல் நிறுவப்பெற்ற டாஃபேயின் டிராக்டரும் உருவாயின. உள்நாட்டிலேயே பொறி பிறக்கவே, அதற்குரிய கருவிகளும் உள்நாட்டிற் பெருகின. ஜலந்தரும் லூதியானாவும் இன்று கைக்கருவிகளுக்குப் பெயர்பெற்ற நகரங்கள்.

வரலாற்று நூல்கள் கடன் தொகையைக் குறிக்கும். திருத்திய ஏக்கரைக் குறிக்கும். முறிந்த அச்சிலிருந்து இழுவான் கடைந்தவனின் பெயரை எந்த ஏடும் குறிப்பதில்லை. நம் காலனிப் பிள்ளைகள் பலர் தொழிற்பயிற்சிக்குச் செல்கின்றனர். சம்மட்டியை ஓங்குமுன் தக்க கருவி எதுவெனத் தேடவும், கிடையாதபோது அதனைச் செய்துகொள்ளவும் அவர்கள் கற்பாராக. அப்பெயரறியாத் தொழிலாளர்க்கு நாம் செய்யும் நன்றியும் அதுவேயாம்.