தொழிற்சாலையும் கண்ணும்: சட்டம் வந்த கதை

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலையும் உண்டு, ரசாயன ஆலையும் உண்டு. இரண்டிலுமே கண்ணுக்கு ஆபத்துதான். ஆனால் சட்டம் முதலில் கவனித்தது ஒன்றை மட்டும்தான்!

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 35வது பிரிவு கண் பாதுகாப்புக்கென்றே எழுதப்பட்டது. அதில் இருந்தவை பறக்கும் துகளும் அதிக வெளிச்சமும்தான். அமிலம் தெறிப்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அபாயகரமான வேலைகளுக்கு மாநில அரசு தனி விதி போட்டுக்கொள்ளலாம் என்று 87வது பிரிவில் விட்டுவிட்டார்கள்.

1984 டிசம்பரில் போபால் விஷவாயு ஆயிரக்கணக்கானோரின் கண்களையும் எரித்தது. அதன் பிறகுதான், 1987 திருத்தத்தில், ரசாயனத்தின் ஆபத்தைத் தொழிலாளிக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று எழுதினார்கள். 2025 நவம்பரில் அந்தச் சட்டமே போய்ப் புதிய தொகுப்பு வந்துவிட்டது.

சொல்வதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? பலரும் அமிலத்துக்குத்தான் பயப்படுவார்கள். உண்மையில் காஸ்டிக் சோடா போன்ற காரம் இன்னும் மோசம். கொழுப்பைக் கரைத்துக்கொண்டு கண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். உடனே, குறைந்தது 15 நிமிடம், ஓடும் தண்ணீரில் கழுவவேண்டும். எழும்பூர் கண் மருத்துவமனை 1819லேயே வந்துவிட்டது, ஆனால் அங்கே போய்ச் சேரும்வரை காரம் காத்திருக்காது. தண்ணீர்க் குழாய் எங்கே என்பது வேலைக்குச் சேரும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டாமா?