பூட்டுப் படமும் தீப்பெட்டி லேபிளும்

தீபாவளிக்கு முன்னாடி போன்ல ஒரு சிவகாசி பட்டாசு சைட் வருது. பாதி விலை. மேலே பூட்டுப் படமும் இருக்கு. நம்பிப் பணம் அனுப்பியாச்சு, பெட்டி வரவே இல்லை. ஆன்லைன் பட்டாசு விற்பனைக்கு 2018 அக்டோபர் 23-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுடுச்சு. ஆனாலும் 2024-ல் தமிழ்நாடு சைபர் கிரைம் போலீஸ் இந்த மோசடி பத்தி எச்சரிக்க வேண்டியிருந்தது. அப்போ அந்தப் பூட்டு எதுக்குத்தான் சாட்சி?

கொஞ்சம் பின்னாடி போவோம். எஸ்எஸ்எல்-ஐ நெட்ஸ்கேப் நிறுவனம் 1995-ல் வெளியிட்டது. அதுல ஒரு சிக்கல். பிரவுசர் எந்த டொமைனைத் தேடி வந்திருக்குன்னு தெரியுறதுக்கு முன்னாடியே சர்வர் தன் சர்டிஃபிகேட்டை நீட்டியாகணும். அதனால ஒரு ஐபி முகவரிக்கு ஒரு சர்டிஃபிகேட்தான். ஒரே காம்பவுண்டுல நாலு வீடு, வாசல்ல ஒரே பெயர்ப்பலகை. சரி, பலகையிலேயே நாலு பேரையும் எழுதிட்டா? அதுதான் மல்டி டொமைன் சர்டிஃபிகேட். தேடி வந்த பெயரை முதல்லயே சொல்லிடுற எஸ்என்ஐ முறை 2003-ல் வந்தது. ஆனா விண்டோஸ் எக்ஸ்பி-யில ஓடின இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு அது கடைசிவரை புரியலை. பலகை பல வருஷம் நீடிச்சது.

இன்னொரு வகை வைல்ட்கார்டு. ஒரே டொமைனுக்குக் கீழே வர்ற சப்டொமைன்களுக்கு, அதுவும் ஒரு படி மட்டும். பட்டாசு, காலண்டர், தீப்பெட்டின்னு மூணு தனி டொமைன் வச்சிருக்கிற சிவகாசிக் குடும்பத்துக்கு அது உதவாது. மல்டி டொமைன் எடுக்கலாம். ஆனா சர்டிஃபிகேட்டுகள் பொதுப் பதிவேட்டில் ஏறுது. மூணும் ஒரே கைன்னு போட்டிக் கடைக்காரருக்கும் தெரிஞ்சிடும். ஒண்ணை வித்தா மொத்த சர்டிஃபிகேட்டையும் மாத்தணும். என்னைக் கேட்டா, தனித்தனியா எடுக்கிறதே நல்லது. 2015 டிசம்பர்ல இருந்து லெட்ஸ் என்க்ரிப்ட் யாருக்கும் இலவசமா தருதே!

யாருக்கும்னா, மோசடிக்காரனுக்கும்தான். டொமைன் உன் கையில இருக்கான்னு மட்டும்தான் அது பார்க்கும். சரக்கு இருக்கா, வெடிபொருள் லைசன்ஸ் இருக்கான்னு கேட்காது. தீப்பெட்டி லேபிள் அச்சடிச்சே அச்சுத்தொழிலில் வளர்ந்த ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம்: லேபிள் வேற, உள்ளே இருக்கிற குச்சி வேற. நிறுவனத்தையே விசாரிச்சுத் தர்ற இவி சர்டிஃபிகேட்டுக்குப் பிரவுசர்ல கம்பெனி பெயர் தனியாத் தெரியும். அதனால பெரிய பயன் இல்லைன்னு 2019-ல் குரோம் அதை எடுத்துடுச்சு. பூட்டைப் பார்த்தாலே நம்பிடுறாங்கன்னு 2023-ல் பூட்டையும் மாத்திடுச்சு.

பணம் ஏற்கெனவே போயிருந்தா, தாமதிக்காம 1930-க்கு போன் பண்ணுங்க.