செசபீக் விரிகுடாப் போர் (1781)

செசபீக் விரிகுடாப் போர், அமெரிக்க விடுதலைப் போரின்போது 1781 செப்டம்பர் 5 அன்று வர்ஜீனியா கரைக்கு அப்பால் பிரெஞ்சு, பிரிட்டிஷ் கடற்படைகளுக்கு இடையே நடந்தது. அமெரிக்கக் கப்பல் ஒன்றுகூட இதில் இல்லை. ஆனாலும் அமெரிக்க விடுதலை உறுதிப்பட்ட இடம் இந்தக் கடல்தான்.

பிரான்சு 1778 பிப்ரவரியிலேயே அமெரிக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் கப்பல்கள் 1778இல் நியூபோர்ட்டிலும் 1779இல் சவானாவிலும் உதவ வந்து, பலனின்றித் திரும்பின. நட்பு நாட்டிடம் கடற்படை இருந்தால் மட்டும் போதாது. வேண்டிய நாளில் வேண்டிய துறையில் அது நிற்க வேண்டும்.

1781இல் அது நடந்தது. பின்னாளில் திப்பு சுல்தானோடு போரிட்ட அதே பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ், தம் நாட்டுக் கப்பல்களை நம்பி, செசபீக் விரிகுடாவை ஒட்டிய யார்க்டவுன் துறையில் அரண் அமைத்திருந்தார். நியூயார்க்கைத் தாக்க எண்ணியிருந்த அமெரிக்கப் படைத்தலைவர் வாஷிங்டன், பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தெ கிராஸின் கப்பற்படை செசபீக்குக்கு வருவதை அறிந்ததும் தெற்கே திரும்பினார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து 28 பெரும் போர்க்கப்பல்கள், 3,000க்கு மேற்பட்ட வீரர்கள், ஹவானாவில் திரட்டிய பணம் ஆகியவற்றோடு தெ கிராஸ் வந்து சேர்ந்தார்.

செப்டம்பர் 5 காலையில் கிரேவ்ஸ் தலைமையில் 19 பிரிட்டிஷ் கப்பல்கள் தென்பட்டன. பிரெஞ்சு மாலுமிகளில் பலர் அப்போது கரையில் இருந்தார்கள். நங்கூரத்தை இழுக்க நேரமில்லை. வடத்தை வெட்டி, இடம் தெரிய மிதவை கட்டிவிட்டு, ஓதம் திரும்பியதும் 24 கப்பல்கள் வெளியேறின. அவை ஒழுங்கின்றி வந்த வேளையில் கிரேவ்ஸ் பாயவில்லை. பின்பு அவர் கப்பலில் வரிசை காக்கும் கொடியும் நெருங்கித் தாக்கும் கொடியும் ஒன்றாகப் பறந்ததால், துணைத் தளபதி ஹூட்டின் பின்பகுதிக் கப்பல்கள் வரிசையிலேயே நின்றுவிட்டன. இரண்டரை மணி நேரச் சண்டையில் எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. சேதமடைந்த 'டெரிபிள்' கப்பலைப் பிரிட்டிஷாரே பிறகு எரித்தார்கள்.

இரு படைகளும் தெற்கே நகர்ந்திருந்தபோது, மற்றொரு பிரெஞ்சுத் தளபதி பராஸ் முற்றுகைப் பீரங்கிகளோடு விரிகுடாவுக்குள் நுழைந்தார். அவருடைய கப்பல்களும் சேர, விரிகுடாவின் வாசலை 36 பிரெஞ்சுக் கப்பல்கள் அடைத்துக்கொண்டன. கிரேவ்ஸ் நியூயார்க் திரும்பினார். கடல்வழி அடைபட்டு முற்றுகைக்குள்ளானதால், அக்டோபர் 19 அன்று காரன்வாலிஸின் 7,000க்கு மேற்பட்ட வீரர்கள் சரணடைந்தார்கள். பிரிட்டனில் 1782 மார்ச்சில் நார்த் பிரபுவின் அரசு விழுந்தது.

இதே பிரிட்டிஷ்-பிரெஞ்சுப் போர் நம் கடலிலும் நடந்தது. 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் பிரிட்டிஷ் கப்பல்களோடு மோதினார். அவை சென்னைக்குப் பின்வாங்க, கடலூரை முற்றுகையிட்டிருந்த பிரிட்டிஷ் தரைப்படை துணையின்றி நின்றது. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே கையெழுத்தான அமைதிச் செய்தி, ஜூன் இறுதியில்தான் அங்கே வந்து சேர்ந்தது.