லண்டன்–பிரைட்டன் ஓட்டமும் பழங்கார்ப் பராமரிப்பின் தோற்றமும்

மோட்டார் கார் நாளடைவில் தேய்ந்து கழிக்கப்படும் பொருள். பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்தபின் அதை உடைத்துப் பழைய இரும்பு விலைக்குப் போடுவதே உலகெங்கும் வழக்கமாக இருக்க, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட கார்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் ஆண்டுதோறும் நவம்பர் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை, லண்டன் ஹைட் பூங்காவிலிருந்து சூரியோதயத்தில் புறப்பட்டு, சுமார் 60 மைல் தொலைவிலுள்ள பிரைட்டன் கடற்கரையைத் தம் சொந்த எஞ்சின் பலத்திலேயே சென்றடைகின்றன. பழைய காரைப் பேணி ஓட்டுவது முதலில் பொழுதுபோக்காகவும் பின்னர் மரபுப் பாதுகாப்பாகவும் வளர்ந்த வரலாற்றை இந்தச் சாலையிலிருந்து தொடங்குவதே பொருத்தம். ஏனெனில், இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே காக்க வேண்டும் என்ற கொள்கை இங்குதான் மிக ஆழமாக வேரூன்றியது.

இந்த ஓட்டத்தின் மூலம் ஒரு சட்டத் திருத்தத்தில் இருக்கிறது. 1865இல் பிரிட்டன் இயற்றிய லோகோமோட்டிவ் சட்டம், சாலையில் தானே இயங்கும் எந்த வண்டியும் கிராமப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கும் நகருக்குள் 2 மைலுக்கும் மேல் செல்லக்கூடாது என்றும், வண்டிக்கு 60 கஜம் முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியுடன் நடந்து செல்ல வேண்டும் என்றும் விதித்தது. 1878இல் கொடி கட்டாயமில்லை என்று ஆக்கப்பட்டாலும், முன்னே ஆள் நடக்க வேண்டும் என்ற விதி நீங்கவில்லை. சாலைகளைச் சிதைத்த கனத்த நீராவி இழுவை எஞ்சின்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்த விதிகள், ஜெர்மனியிலும் பிரான்சிலும் உருவாகி வந்த இலகுவான பெட்ரோல் கார்களையும் கட்டிப்போட்டன. 3 டன்னுக்குக் குறைந்த வண்டிகளுக்கு விலக்களித்து, வேக வரம்பை மணிக்கு 14 மைலாக உயர்த்திய புதிய சட்டம் 1896 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தபோது, கார் காப்புரிமைகளை வாங்கிக் குவித்து அத்தொழிலைத் தன் கைக்குள் கொண்டுவர முயன்ற ஹாரி லாசன் என்ற தொழிலதிபர், அதே நாளில் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு 'விடுதலை ஓட்டம்' ஒன்றை நடத்தினார். புறப்படும் முன் விருந்தில் வின்சில்சி பிரபு ஒரு சிவப்புக் கொடியைக் கிழித்துக் காட்டினார். அன்று கிளம்பிய முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளில் ஏறத்தாழ பாதியே ஊர் போய்ச் சேர்ந்தன.

அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்தத் தலைமுறை வண்டிகள் கேட்பாரற்றுப் போயின. எஞ்சின்கள் பண்ணைகளில் மரம் அறுக்கவும் தண்ணீர் இறைக்கவும் பயன்பட்டன. மற்ற பாகங்கள் கொட்டகைகளில் துருப்பிடித்துக் கிடந்தன. 1927இல் செய்தித்தாள் நிறுவனம் ஒன்று, விளம்பரத்தையும் ஓரளவு கேளிக்கையையும் கருதி, விடுதலை ஓட்டத்தை மீண்டும் நடத்தியபோது, பார்க்க வந்த கூட்டம் அதை ஓட்டை வண்டிகளின் ஊர்வலமாகவே கண்டு சிரித்தது. அந்த வண்டிகளுக்கு உரிய மதிப்பைப் பெற்றுத் தரும் நோக்கத்துடன் 1930இல் 'வெட்டரன் கார் கிளப்' தோன்றியது. அவ்வாண்டு முதல் ஓட்டத்தை நடத்தும் பொறுப்பை ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஏற்றது. கலந்துகொள்ளும் கார் 1905 ஜனவரி 1க்கு முன் செய்யப்பட்டிருக்க வேண்டும், இது பந்தயம் அன்று, சராசரி வேகம் மணிக்கு 20 மைலைத் தாண்டக்கூடாது என்பன இன்றளவும் அதன் அடிப்படை விதிகள்.

கெடு தேதி ஒன்று இருந்ததால் காரின் வயதை மெய்ப்பிக்கும் தேவை பிறந்தது; அத்தேவையிலிருந்து ஓர் ஆய்வு மரபே வளர்ந்தது. தொடக்ககாலக் கார்களில் பல, ஒரு நிறுவனத்தின் எஞ்சினையும் மற்றொன்றின் சட்டகத்தையும் கொண்டு செய்யப்பட்டவை. பிற்காலத்தில் பாகம் மாற்றப்பட்டவையும் ஏராளம். ஆகவே, வயதுச் சான்றிதழ் வழங்க வெட்டரன் கார் கிளப் அமைத்த வல்லுநர் குழு, சட்டகத்தில் பொறித்த எண், வார்ப்புகளின் அமைப்பு, கார்புரேட்டரின் வகை ஆகியவற்றை அக்கால விலைப்பட்டியல்களோடும் காப்புரிமை வரைபடங்களோடும் ஒப்பிட்டு முடிவு சொல்லும் முறையை வகுத்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டு ஆவணங்கள் அழிந்துபோன பல சிறு நிறுவனங்களைப் பற்றிய செய்திகள் இன்று கிடைப்பதற்கு இந்தப் பொழுதுபோக்காளர்களின் உழைப்பும் ஒரு காரணம் என்பதை நன்றியுடன் குறிப்பிட வேண்டும்.

1934இல் 'வின்டேஜ் ஸ்போர்ட்ஸ்-கார் கிளப்' உருவானது. அதன் நிறுவனர்கள் பெருஞ்செல்வர்கள் அல்லர். புதுக் கார் வாங்க வசதியில்லாத, ஆனால் 1920களின் காரைத் தம் கையாலேயே பழுதுபார்த்து ஓட்டிய இளைஞர்கள். 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு, உற்பத்தியாளர்கள் செலவைக் குறைத்து, எடை மிகுந்த, கையாளச் சுகமற்ற கார்களைச் செய்யத் தலைப்பட்டார்கள் என்பது அவர்களது உறுதியான கருத்து. அதனால் 1930 டிசம்பர் 31ஐ எல்லையாகக் கொண்டார்கள். 1904 வரையானவை வெட்டரன், 1905 முதல் 1918 வரையானவை எட்வர்டியன், 1919 முதல் 1930 வரையானவை வின்டேஜ் என்று பிரிட்டனில் வழங்கும் பாகுபாடு இப்படித்தான் நிலைபெற்றது. வெறும் வயதை அளக்காமல், ஒரு காலத்தின் தொழில்திறனை மதிப்பிட்டு எழுந்த பாகுபாடு அது.

இந்தக் கார்களைப் பேணுவது எத்தகைய வேலை என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் அம்மதிப்பீட்டின் பொருள் விளங்கும். ஒற்றை சிலிண்டர் கொண்ட 1903ஆம் ஆண்டு டி டியோன்-பூட்டோன் போன்ற காரில் சாவி கிடையாது. பெட்ரோல் குழாயைத் திறந்து, கார்புரேட்டரில் எரிபொருள் போதிய அளவு நிறைந்ததை உறுதி செய்து, தீப்பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போடும் நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்த பிறகே, எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஹாண்டிலில் கை வைக்க வேண்டும். தீப்பொறி முந்தி விழுந்தால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். எனவே கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே சேர்த்துப் பிடித்து, ஹாண்டிலைக் கீழே அழுத்தாமல் மேல்நோக்கி இழுக்கும் பழக்கம் ஓட்டுநருக்கு ஊறியிருக்க வேண்டும். எஞ்சினுக்குள் எண்ணெய் தானாகச் சுற்றி வராது. சில மைல்களுக்கு ஒருமுறை ஓட்டுநரே கைப்பம்பை அழுத்தி அளவாக விட வேண்டும். விட்ட எண்ணெய் எரிந்தும் ஒழுகியும் தீர்ந்துவிடுமாதலால், பாதையின் ஏற்ற இறக்கத்தையும் புகையின் நிறத்தையும் கவனித்து அளவைத் தீர்மானிப்பது ஓட்டுநரின் பொறுப்பு.

கிளட்ச் என்பது எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்தோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் உறுப்பு. அக்காலக் கார்கள் பலவற்றில் அது தோல் போர்த்திய கூம்பாக இருந்தது. தோல் காய்ந்துவிட்டால் வண்டி வெடுக்கென்று பாயும். அதற்கு மாட்டுக் கால் எலும்புகளிலிருந்து எடுத்த எண்ணெயைத் தடவி மென்மையாக்குவார்கள். எண்ணெய் மிகுந்து வழுக்கினால், முல்தானி மட்டி எனப்படும் களிமண் பொடியைத் தூவி ஈரத்தை உறிஞ்ச வைப்பார்கள். மரச் சக்கரங்களின் ஆரங்கள் வறண்ட காலத்தில் சுருங்கி ஆட்டம் கொடுக்கும்போது, தமிழ்நாட்டில் மாட்டுவண்டிச் சக்கரத்தை நீரில் ஊறப்போட்டதைப் போலவே, இவற்றுக்கும் நீர் காட்டி இறுக வைப்பதுண்டு. தேய்ந்துபோன பேரிங்குகளுக்குக் கடையில் மாற்று கிடையாது. வெள்ளீயத்தோடு ஆன்டிமனியும் செம்பும் கலந்த 'வெள்ளை உலோகம்' என்ற கலவையை உருக்கிப் புதிதாக வார்த்து, கடைசலில் கடைந்து, பின்னர் தண்டின்மேல் நீலச் சாயம் பூசிச் சுழற்றி, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டியால் சுரண்ட வேண்டும். மேற்பரப்பு முழுவதும் சாயம் சீராகப் படியும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இந்த வேலையைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். கைவரப் பெறுவதற்குப் பயிற்சி ஒன்றே வழி.

இரண்டாம் உலகப் போரின்போது பழைய இரும்பு திரட்டும் இயக்கங்களில் எண்ணற்ற பழங்கார்கள் உருக்கப்பட்டன. போர் முடிந்தபின்னும் பெட்ரோல் பங்கீட்டால் 1947இல் ஓட்டம் நடைபெறவில்லை. ஆயினும் 1950களில் இந்தப் பொழுதுபோக்கு பொதுமக்களிடம் பரவியது. 1952இல் மான்டேகு பிரபு, மோட்டார் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான தம் தந்தையின் நினைவாக, பியூலி என்ற ஊரிலுள்ள தமது மாளிகைக் கூடத்தில் ஐந்து கார்களைக் காட்சிக்கு வைத்தார். 1972இல் தேசிய மோட்டார் அருங்காட்சியகமாக விரிந்தது அந்தச் சிறு தொகுப்பே. 1953இல் ஹென்றி கொர்னீலியஸ் இயக்கிய 'ஜெனிவீவ்' திரைப்படம், 1904ஆம் ஆண்டு டராக் கார் ஒன்றைக் கதைநாயகி போலவே நடத்தி, பிரைட்டன் ஓட்டத்தை உலகம் முழுவதும் அறியச் செய்தது. கொட்டகையில் கிடந்த வண்டியை விலைக்குப் போடுமுன் இருமுறை யோசிக்கும் மனநிலை அதன்பின் பரவலாயிற்று.

இந்தியாவில் 1964இல் டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் தொடங்கிய பழங்கார் அணிவகுப்பு இம்மரபுக்கு வழிகோலியது. 1966இல் அமைந்த 'ஃபீவா' என்ற சர்வதேசக் கூட்டமைப்பு, 30 ஆண்டு நிறைந்து, வரலாற்றுக்கு இசைந்த நிலையில் பேணப்பட்டு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டியையே வரலாற்று வண்டி என்கிறது. பிரிட்டன் 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்குச் சாலை வரி விலக்களிக்கிறது. இந்தியாவில் 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை வின்டேஜ் என்று வகைப்படுத்தி, 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண்ணை வழங்குகின்றன. கிளப்புகள் வகுத்த நிலையான எல்லை ஒரு காலத்தின் சிறப்பைக் காத்தது. ஆண்டுதோறும் நகரும் சட்ட எல்லையோ, நேற்றைய சாதாரண காருக்கும் நாளை இடமளிக்கிறது. இரண்டும் தேவை.

ஃபீவாவின் டூரின் சாசனம், அசல் பாகத்தையும் காலம் விட்டுச்சென்ற தடயங்களையும் இயன்றவரை காப்பதையே முதன்மையாக வற்புறுத்துகிறது. ஓட்டினால் தேய்மானம் உண்டு. ஓட்டாமல் நிறுத்தினாலோ ரப்பர் இறுகுகிறது, எண்ணெய் கெட்டிப்படுகிறது, உலோகத்தில் துரு ஏறுகிறது. எத்தனால் கலந்த இக்காலப் பெட்ரோல் பழைய குழாய்களையும் கசிவுத் தடுப்பு வளையங்களையும் அரிப்பது இன்னொரு சிக்கல். அருங்காட்சியக மேடையில் ஏறிய காரின் உருவம் நிலைக்கும். வெள்ளை உலோகம் வார்ப்பவரும், மரச் சக்கரம் செய்யும் தச்சரும், தீப்பொறி நேரத்தைக் காதால் கேட்டுத் திருத்துபவரும் நிலைப்பதற்கு அந்தக் கார் ஓடியாக வேண்டும். ஒவ்வொரு நவம்பருக்குள்ளும் வண்டியைச் சாலைக்குத் தகுதியாக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இக்கலைகளுக்கு ஆண்டுதோறும் வேலை தந்து, அடுத்த தலைமுறைக் கைகளுக்கு அவற்றைச் சேர்த்திருக்கிறது. பழங்கார் மரபை வளர்க்க விரும்பும் எந்த நாடும், வண்டிகளைச் சேகரிப்பதற்குச் செலவிடும் அக்கறையைப் பட்டறைகளுக்கும் அங்கே தொழில் பழகும் இளைஞர்களுக்கும் செலவிட வேண்டும்.