கழுத்துப்பிடித் தடை: நியூயார்க் நகரமும் மாநிலமும் இயற்றிய இரு சட்டங்கள்

அமெரிக்காவில் தாக்குதல் போன்ற குற்றங்களையும் அவற்றுக்கான தண்டனைகளையும் பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றங்களே வரையறுக்கின்றன. மாநிலச் சட்டத்துக்கு முரணாகாத வரையில், நகரங்களும் சிறிய தண்டனைகளுடன் கூடிய சட்டங்களை இயற்றிக்கொள்ள முடியும். கைது செய்யும்போது ஒருவரின் கழுத்தை இறுக்கிப் பிடிப்பதைக் குற்றமாக்குவதா என்ற கேள்வியில் நியூயார்க் நகரின் நிலைப்பாடு சில ஆண்டுகளுக்குள் தலைகீழாக மாறியது.

விதி உண்டு, தண்டனை இல்லை

நியூயார்க் நகரக் காவல்துறை 1993-ஆம் ஆண்டிலேயே கழுத்துப்பிடியைத் தனது விதிகளில் தடை செய்திருந்தது. ஆனால் துறை விதியை மீறுவது ஒழுங்கு நடவடிக்கைக்குரியதே தவிர, அதனாலேயே குற்றமாகிவிடாது.

மூச்சையோ இரத்த ஓட்டத்தையோ தடுக்கும் நோக்குடன் கழுத்தை அழுத்துவது 2010-இல் மாநிலச் சட்டத்தில் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. எனினும், அந்த நோக்கம் இருந்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும்.

2014 ஜூலை 17 அன்று, வரி செலுத்தாத சிகரெட்டுகளை விற்றதாகச் சந்தேகிக்கப்பட்ட எரிக் கார்னர் என்ற 43 வயதுக் கறுப்பினத்தவர், ஸ்டேடன் தீவுப் பகுதியில் காவலர்கள் பிடித்தபோது உயிரிழந்தார். "மூச்சு விட முடியவில்லை" என்று அவர் 11 முறை கூறியது காணொளியில் பதிவாகியிருந்தது. கழுத்தும் மார்பும் அழுத்தப்பட்டதை மரணத்துக்கான காரணங்களாக மருத்துவப் பரிசோதனை குறிப்பிட்டது. ஆயினும் அவரைப் பிடித்த காவலர் மீது குற்றம் சாட்டப் பெருநடுவர் குழு அதே ஆண்டு டிசம்பரில் மறுத்துவிட்டது. 2019 ஆகஸ்டில் அக்காவலர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

மேயரின் மனமாற்றம்

கழுத்துப்பிடியைக் குற்றமாக்கும் யோசனை நகர்மன்றத்தில் எழுந்தபோது, அத்தகைய சட்டத்தைத் தாம் நிராகரிக்கப் போவதாக அப்போதைய மேயர் பில் டி பிளாசியோ 2015-இல் அறிவித்தார். துறை விதியே போதும் என்பது அவரது நிலைப்பாடாக இருந்தது.

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதை அடுத்து மூண்ட போராட்டங்கள் நிலைமையை மாற்றின. எரிக் கார்னரின் பெயரைத் தாங்கிய மாநிலச் சட்டத்தில் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ ஜூன் 12 அன்று கையெழுத்திட்டார். நகர்மன்றம் நிறைவேற்றிய தனிச் சட்டத்தில் ஜூலை 15 அன்று கையெழுத்திட்டவர், முன்னர் எதிர்த்த அதே மேயர்.

வேறுபாடு எங்கே?

மாநிலச் சட்டம் விளைவைப் பார்க்கிறது. காவலரின் கழுத்துப்பிடியால் கடுமையான காயமோ மரணமோ ஏற்பட்டிருந்தால் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

நகரச் சட்டம் செயலையே பார்க்கிறது. காயம் ஏற்படாவிட்டாலும், கைது செய்யும்போது மூச்சுக்குழாயையோ கழுத்தின் இரத்தக் குழாய்களையோ அழுத்தி மூச்சையோ இரத்த ஓட்டத்தையோ தடைப்படுத்துவது குற்றமாகும். மார்பிலோ முதுகிலோ மண்டியிட்டோ, அமர்ந்தோ, நின்றோ உதரவிதானத்தை அழுத்தி அவ்வாறு தடைப்படுத்துவதும் இதில் அடங்கும். இதற்கு ஓராண்டு வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

திமிறுபவரைத் தரையில் அழுத்திப் பிடிக்கும்போது உதரவிதானம் அழுந்துகிறதா என்பதைக் காவலர் எவ்வாறு அறிவார் என்று காவலர் சங்கங்கள் வினவின. மாநிலச் சட்டம் இருக்கையில் இவ்விஷயத்தில் நகரம் தனிச் சட்டம் இயற்ற முடியாது என்றும் அவை வழக்குத் தொடுத்தன.

நீதிமன்றங்களின் பார்வை

2021-இல் விசாரணை நீதிமன்றம், உதரவிதானம் பற்றிய வாசகம் தெளிவற்றது எனக் கூறிச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் அத்தீர்ப்பை மாற்றியது. மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2023 நவம்பரில் நகரச் சட்டத்தை உறுதி செய்தது. வாசகம் போதிய அளவு தெளிவானது என்றும், மாநிலச் சட்டம் நகரத்தின் அதிகாரத்தைப் பறிக்கவில்லை என்றும் அது தீர்ப்பளித்தது.

இதன்படி இவ்விரு சட்டங்களும் ஒருசேரச் செல்லுபடியாகும். ஆனால் நகரின் ஐந்து பகுதிகளிலும் குற்றவழக்குகளைத் தொடுப்பவர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் மாவட்ட அரசு வழக்கறிஞர்கள். அவர்கள் மேயரின் கட்டுப்பாட்டில் இல்லை. சட்டத்தை இயற்றுவது நகரத்தின் கையில் இருந்தாலும், அதைப் பயன்படுத்துவதா என்பது இந்த ஐவரின் கையிலேயே இருக்கிறது.