ஆடம்பரம்: ஒரு முரசின் கதை

திருமண நாள் குறிக்கப்பட்டதுமே நம் இல்லங்களில் ஒரு சொல் பேச்சுக்கு வந்துவிடுகிறது. “ஆடம்பரம் வேண்டாம், எளிமையாகச் செய்வோம்” என்று பெரியவர்கள் தொடங்குவார்கள். பந்தல்காரரும் சமையற்காரரும் வந்து கணக்குச் சொல்லிப் போன பிறகு, அந்த எளிமை எங்கே போயிற்று என்று எவருக்கும் தெரிவதில்லை. பகட்டு, வீண்செலவு, அளவுமீறல் ஆகிய மூன்றையும் ஒருங்கே குறிக்க நாம் வழங்கும் இச்சொல்லின் முதற்பொருள் யாது? அதன் பிறப்பை அறிந்தால், அச்சொல்லே நமக்கு ஓர் அறிவுரையாக அமைவதைக் காணலாம்.

ஆடம்பரம் வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். அம்மொழியின் பழைய நூல்களில் அது ஒருவகை முரசின் பெயர். யசுர் வேதத்தைச் சார்ந்த வாஜசனேயி சம்ஹிதையில் பல தொழில் செய்வோரைக் குறிப்பிடும் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. ஆடம்பரம் என்னும் முரசை அறைபவனும் அதில் இடம் பெறுகிறான். பின்னர் எழுந்த அமரகோசம் என்னும் வடமொழி நிகண்டு இச்சொல்லுக்கு இரு பொருள் கூறுகிறது. ஒன்று, இசைக்கருவிகளின் முழக்கம். மற்றொன்று, களிறுகளின் பிளிறல். கருவியின் பெயர் முதலில் அதன் ஓசைக்கு ஆயிற்று. முரசும் யானையும் சூழ அரசர் உலா வந்த காலத்தில் அவ்வோசை உலாவின் பகட்டுக்குப் பெயராயிற்று. பகட்டுக்கு ஆகும் செலவையும் இன்று அதுவே சுட்டுகிறது.

இச்சொல்லின் உறவுச் சொற்களையும் நோக்குவோம். படாடோபம் என்கிறோமே, அது பாம்பு தன் படத்தை விரித்துப் பருத்துக் காட்டுவதைக் குறித்த சொல். டம்பம் என்பதன் மூலப்பொருள் போலி வேடம், வஞ்சனை. முரசு காதுக்கு, படம் கண்ணுக்கு, வேடம் அவ்விரண்டையும் ஏமாற்றுவதற்கு. இம்மூன்று சொற்களில் ஒன்றேனும் செலவின் தொகையைப் பற்றிப் பேசவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மூன்றும் பார்ப்பவரையும் கேட்பவரையுமே நாடி நிற்கின்றன.

இலத்தீன் மொழியில் இக்கருத்து வேறு நிலத்தில் முளைத்தது. அங்கே ‘லுக்சூரியா’ என்னும் சொல் பயிரின் மிகைச் செழிப்பைக் குறித்தது. உரம் மிகுந்து மதர்த்த நெல், கதிர் முற்றுமுன்பே சாய்ந்து பதராகப் போவதை நம் உழவர்கள் நன்கறிவர். ஊதாரி மைந்தன் தன் பங்கை அழித்த வாழ்வைச் சொல்ல, இலத்தீன் விவிலியம் இச்சொல்லின் வழிவந்த சொல்லையே ஆள்கிறது. உரோமானியர் வயலைப் பார்த்துக் கண்டுகொண்டதை, நாம் முரசைக் கேட்டுக் கண்டுகொண்டோம்.

முரசுக்கும் ஈகைக்கும் உள்ள தொலைவை அறிய நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. விழுப்புரத்துக்கு மேற்கே, தென்பெண்ணை ஆற்றுக்குத் தெற்கே உள்ள திருவெண்ணெய்நல்லூர் இரு பெருங்கதைகளுக்கு உரிய ஊர். முதற்கதை சேக்கிழாரின் பெரியபுராணத்தில் உள்ளது. புத்தூரில் சுந்தரரின் திருமணம் மங்கல ஓசையோடு தொடங்கும் வேளையில் முதியவர் ஒருவர் ஓர் ஓலையுடன் வந்து நிற்கிறார். சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஆளோலை அது. தம் வழியினரும் அம்முதியவருக்கு அடிமை என்பதே அதன் உள்ளடக்கம். திருமணம் நின்றுவிடுகிறது. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. மூல ஓலை மெய்யென அங்கே உறுதியாகிறது. வந்தவர் இறைவனே என்பது சைவ அன்பர்களின் நம்பிக்கை. அக்கதையின் ஆழ்பொருள் அவர்களுக்கு உரியது. எனினும், மணப்பந்தலின் முழக்கத்தின் நடுவே நீட்டப்பட்ட அந்த ஓலை, மேளச் சத்தம் அடங்கிய மறுநாள் நம் வீட்டு வாயிலில் வந்து நிற்கும் கடன் பத்திரத்தை நினைவூட்டாமல் இல்லை.

இரண்டாம் கதை, கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளலைப் பற்றியது. இவ்வூரார் அவரைத் தம்மவராகப் போற்றுகின்றனர். கம்பர் இல்லத்து விழா ஒன்றுக்கு வந்த வள்ளல், கூட்ட மிகுதியால் தக்க இருக்கை பெறாமல் ஓர் ஓரத்தில் அமர்ந்தார் என்றும், அதைச் சுட்டியவரிடம் அவரை வைக்க வேண்டிய இடத்தில் வைப்பதாகக் கம்பர் கூறினார் என்றும் செவிவழிச் செய்தி உண்டு. இராமனின் முடிசூட்டு விழாவைப் பாடும்போது, சடையனின் முன்னோர் எடுத்துக் கொடுத்த முடியையே வசிட்டர் சூட்டியதாகக் கம்பர் அமைத்தார். வள்ளல் வாரி வழங்கியவர். அவர் செலவு சிறிதன்று. ஆயினும் அதை ஆடம்பரம் என்று எவரும் சொன்னதில்லை. ஓரத்தில் உட்காரத் தெரிந்தவரின் ஈகைக்கு முரசு தேவைப்படவில்லை.

நற்செய்தியிலும் இதே வேறுபாட்டைக் காண்கிறோம். தருமம் செய்வோர் தமக்கு முன்னே எக்காளம் ஊத வேண்டாம் என்று இயேசு மலைப்பொழிவில் கற்பிக்கிறார். கிரேக்க மூலத்தில் எக்காளமாக இருந்தது, 1995இல் வெளிவந்த தமிழ் விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் தம்பட்டம் ஆயிற்று. தம்பட்டமும் ஒரு பறையே! இதற்கு மறுபுறத்தில் பெத்தானியா இருக்கிறது. அங்கே ஒரு பெண், 300 தெனாரியத்துக்கு மேல் பெறும் நறுமணத் தைலத்தை இயேசுவின் தலைமீது ஊற்றினார். ஒரு தெனாரியம் ஒரு நாட்கூலி எனில், அது ஏறத்தாழ ஓராண்டின் உழைப்பு. சூழ இருந்தோர் வீண் என்று முணுமுணுத்தனர். இயேசுவோ அதனை நற்செயல் என்றார். அதே வேளையில், ஏழைகளுக்கு எப்போதும் நன்மை செய்யலாம் என்பதையும் அவர் நினைவூட்டத் தவறவில்லை.

இதனால், மனம் நல்லதானால் எவ்வளவும் செலவிடலாம் என்று கொள்ளலாகாது. வள்ளுவர் வரவு செலவைப் பற்றிய அறிவுரையை ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வைத்தார். வருவாய் சிறிதாக இருப்பதை அவர் குறையாகக் கருதவில்லை. செலவு அதை மீறுவதையே கேடாகக் கருதினார். பிறர்க்கு உதவும் ஒப்புரவுங்கூடத் தன் பொருளின் அளவை அறியாமல் செய்யப்பட்டால் செல்வத்தை அழிக்கும் என்று எச்சரித்தார். தன் அளவை அறிவதும் ஒரு வலிமையே.

அளவு மறந்த முரசு பணத்தை மட்டுமா விழுங்குகிறது? 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், ஒரு திருமணத்துக்காகச் சாலையில் வைத்திருந்த பதாகை சரிந்ததில் 23 வயதுப் பெண் பொறியாளர் ஒருவர் உயிரிழந்தார். 2021 ஆகஸ்டில் நம் விழுப்புரத்திலேயே, ஒரு திருமணத்தையொட்டிச் சாலையோரம் கொடிக்கம்பம் நட்ட 13 வயதுச் சிறுவன், கம்பம் உயரழுத்த மின்கம்பியில் பட்டு மாண்டான். பந்தலுக்குள் உணவருந்திய எவரும் அக்கொடியால் வயிறு நிறைந்தாரில்லை. மணமக்களின் அன்பும் அதனால் வளர்ந்ததில்லை. அது முழுக்க முழுக்க ஓசை. அதற்கு விலையாகப் போனது ஓர் உயிர்.

நம் பங்குத் திருவிழாக்களும் குடும்ப விழாக்களும் இக்கேள்விக்கு விலக்கல்ல. வந்தவர்க்கு வயிறார உணவிடுவதை ஆடம்பரம் என்று யாரும் பழிப்பதில்லை. ஆனால் அடுத்த விழாவுக்குச் செலவுப் பட்டியல் எழுதும்போது, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு வினாவை எழுதிப் பார்க்கலாம்: இது விருந்தினருக்கா, முரசுக்கா? முரசுக்கென்று தெரியும் வரியை அடித்துவிட்டு, மீதியைக் கூட்டிப் பார்ப்போம். கடன் வாங்கப் புறப்பட்டவர் பாதி வழியிலேயே திரும்பி வரக்கூடும்.