ஊர்ப்பேர் சொல்லும் மீ

சிங்கப்பூருக்குப் போய்வந்தவர்கள் அந்த ஊரின் சுத்தத்தைப் பற்றிச் சொல்வார்கள்; கட்டடங்களின் உயரத்தைப் பற்றிச் சொல்வார்கள். நான் சொல்லப் போவது சாப்பாட்டைப் பற்றி. சாப்பாட்டுப் பேச்சில் சரித்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தேடிப் போகாமலே வந்து அகப்பட்டது, அவ்வளவுதான்.

முதல் நாள் மத்தியானம் நண்பர் என்னை ஓர் உணவங்காடி நிலையத்துக்கு அழைத்துப் போனார். பெரிய கொட்டகை. சுற்றிலும் சின்னச் சின்னக் கடைகள், நடுவில் மேஜை நாற்காலிகள். இந்தக் கடைக்காரர்கள் முன்பு தெருவோரத்தில் அடுப்பு வைத்திருந்தவர்கள். 1971 முதல் 1986 வரை அவர்களையெல்லாம் இப்படிக் கூரைக்குக் கீழே குடியேற்றியிருக்கிறார்கள்.

"சீனச் சாப்பாடு எது நன்றாயிருக்கும்?" என்று கேட்டேன்.

நண்பர் சிரித்தார். "எந்த ஊர்ச் சீனச் சாப்பாடு சார்?" என்றார்.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. வடக்கே போனால் நம்மையெல்லாம் ஒரே வார்த்தையில் 'மதராஸி' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கன்னியாகுமரிக்காரனும் கர்நூல்காரனும் அவர்களுக்கு ஒன்றுதான். அதற்காக எத்தனையோ தடவை கோபப்பட்டிருக்கிறேன். இப்போது நானே அந்தக் காரியத்தைச் செய்துவிட்டேன்!

பிறகுதான் கடைப் பலகைகளை ஒழுங்காகப் படித்தேன். ஒன்றில் ஹொக்கியன் மீ. அடுத்ததில் தியோச்சியூ மீன் உருண்டை மீ. அதற்கப்பால் காண்டனீஸ்காரரின் வான்டன் மீ. 'மீ' என்றால் தமிழில் 'மேல்' என்று பொருள். ஹொக்கியன் மொழியிலோ அது கோதுமை மாவில் செய்த நூடுல்ஸ். மாண்டரின் பேசுகிறவர்கள் அதையே 'மியன்' என்பார்கள். அரிசியை அரைத்து நூலாகப் பிழிந்தால் அது மீ அல்ல, 'பீ ஹூன்'. நம் இடியாப்பத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. அரிசி மாவையே ஆவியில் வேகவைத்துப் பட்டையாக நறுக்கினால் 'குவே தியோவ்'.

ஹொக்கியன் மீ வந்தது. மஞ்சள் மீயையும் வெள்ளை பீ ஹூனையும் ஒன்றாகப் புரட்டி, இறால் ஓட்டைக் கொதிக்கவைத்த சாற்றை அதில் வற்றவிட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு சிறிய எலுமிச்சை, கொஞ்சம் சம்பால். மஞ்சள் நிறம் முட்டையால் வந்தது என்று நினைத்தேன். இல்லையாம். மாவு பிசையும்போது காரநீர் சேர்ப்பதால் வரும் நிறம் அது. நூல் அறுந்து போகாமல் துவளத் துவள இருப்பதும் அதனால்தான். தியோச்சியூ மீ வேறு ஜாதி: பட்டையான மீயில் மிளகாயும் காடியும் பிசறி, மீன் உருண்டைகளைத் தனியே சாற்றில் போட்டுத் தருகிறார்கள். வான்டன் மீ மயிரிழைபோல மெல்லிசு. கடித்தால் சுருள் கம்பிபோலத் திமிறுகிறது.

இந்த வித்தியாசமெல்லாம் கப்பலேறி வந்தவை. ஹொக்கியன்காரர்கள் ஃபூச்சியன் மாகாணத்தின் தென்பகுதியிலிருந்து வந்தார்கள். தியோச்சியூக்காரர்கள் குவாங்தோங் மாகாணத்தின் கிழக்குக் கோடியிலிருந்தும், காண்டனீஸ்காரர்கள் அதே மாகாணத்தின் நடுப்பகுதியிலிருந்தும் வந்தார்கள். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாது. 1819-ல் சிங்கப்பூரில் கம்பெனிக் கொடியை ஏற்றிய ராஃபில்ஸ், 1822-ல் நகரத்துக்குத் திட்டம் வகுத்தபோது, சீனர் என்றால் ஒரே கூட்டம் அல்ல என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஹொக்கியன்காரர்கள் தெலுக் ஆயர் பக்கமும், தியோச்சியூக்காரர்கள் ஆற்றங்கரையிலும், காண்டனீஸ்காரர்கள் கிரெத்தா ஆயர் பக்கமும் குடியிருந்தார்கள். ஊரைவிட்டு ஓடி வந்தவனுக்குச் சொந்த ஊரில் மிச்சம் இருந்தது இரண்டுதான்: நாக்கு பேசும் பேச்சு, நாக்கு கேட்கும் ருசி.

ருசியும் புது ஊரில் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூரில் ஹொக்கியன் மீ கேட்டால் மேலே சொன்ன பண்டம் வரும். கோலாலம்பூரில் அதே பெயரைச் சொன்னால், தடித்த மீயைக் கறுப்பு சோயாவில் புரட்டிக் கொண்டுவந்து வைப்பார்கள். பினாங்கிலோ அது சிவந்த இறால் சாற்றில் மிதக்கும். அண்ணன் தம்பி மூன்று பேர் பாகம் பிரித்துக்கொண்டு போனாலும் குடும்பப் பெயரை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்காத கதைதான்.

மறுநாள் தெலுக் ஆயர் தெருவுக்குப் போனோம். ஒரு காலத்தில் அது கடற்கரை. கரையேறியவர்கள் முதலில் தெய்வத்துக்கு நன்றி சொன்ன இடம். ஹொக்கியன்காரர்கள் 1839-க்கும் 1842-க்கும் இடையில் கட்டிய தியன் ஹொக் கெங் கோயில் அங்கே இருக்கிறது. கடலைக் காக்கும் அம்மன் அதில் குடிகொண்டிருக்கிறாள். அதே தெருவில் சில அடி தூரத்தில் நாகூர் தர்கா! நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டியது. இரண்டு கரைக்காரர்களும் ஒரே தெருவில் நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

அந்த அண்டைவாசத்தின் ருசியைப் பார்க்க வேண்டுமானால் மீ கோரெங் சாப்பிட வேண்டும். ஹொக்கியன்காரரின் மஞ்சள் மீயைத் தமிழ் முஸ்லிம் கடைக்காரர் வாங்கி, மிளகாய் விழுது, தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டை, ஆட்டிறைச்சி எல்லாம் போட்டுச் செக்கச்செவேலென்று புரட்டிப் போடுகிறார். 'கோரெங்' என்பது பொரிப்பதற்கும் வறுப்பதற்கும் மலாய்ச் சொல். மீ சீனம், காரம் தமிழ், பெயரில் பாதி மலாய்.

இந்த உறவு நேற்று வந்ததுமல்ல. ஃபூச்சியனில் சுவான்சோ என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. 1281-ல் அங்கே ஒரு சிவன் கோயில் எழும்பியதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதில் சீன எழுத்தும் உண்டு. ஹொக்கியன் பேச்சின் தாய்ஊர்களில் அதுவும் ஒன்று.

கடைசி நாள் மறுபடியும் அந்த ஹொக்கியன் மீ கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நண்பர் அவரோடு மலாயில் பேசினார். பேரன் பணம் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். கிழவர் அவனிடம் ஏதோ ஹொக்கியனில் சொன்னார். அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். கிழவர் முகத்தில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. பழகிப்போயிருக்கும்.

1957-ல் எடுத்த கணக்கில் மாண்டரினைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சிங்கப்பூரில் ஆயிரத்துக்கு ஒருவர்தான். ஹொக்கியனைச் சொன்னவர்கள் நூற்றுக்கு முப்பது பேர். 1979-ல் பிரதமர் லீ குவான் யூ 'மாண்டரின் பேசுங்கள்' இயக்கத்தைத் தொடங்கினார். சீனருக்குள்ளேயே ஒருவரோடொருவர் பேச முடியாமல் இருந்ததும், வீட்டில் ஒரு பேச்சும் பள்ளியில் இரண்டு மொழிகளுமாகக் குழந்தைகள் திண்டாடியதும் காரணங்கள். அவற்றைப் பொய் என்று சொல்ல முடியாது. வானொலியும் தொலைக்காட்சியும் ஹொக்கியனையும் காண்டனீஸையும் மெல்லக் கைவிட்டன. 2020 கணக்கின்படி சீனக் கிளைமொழிகள் எல்லாம் சேர்ந்து வீட்டில் முக்கியமாகப் பேசப்படுவது நூற்றுக்கு 8.7 பேரிடம்தான்.

பேச்சு போய்விட்டது. பலகையில் பேர் மட்டும் நிற்கிறது. அந்தப் பேரன் வாழ்நாளில் விடாமல் சொல்லப்போகும் ஹொக்கியன் வார்த்தை, ஒருவேளை 'மீ' ஒன்றுதானோ என்னவோ.

"பாவம்" என்றேன் நண்பரிடம்.

அவர் பதில் சொல்லவில்லை. தமிழ் அங்கே ஆட்சிமொழி. பள்ளியில் உண்டு, வானொலியில் உண்டு. ஆனாலும் அதே 2020 கணக்கில், வீட்டில் முக்கியமாகத் தமிழ் பேசுகிறவர்கள் நூற்றுக்கு 2.5 பேர்.

அன்று இரவு அவர் வீட்டில் சாப்பாடு. அவருடைய மகள் எனக்கு அன்போடு பரிமாறினாள். என் தமிழுக்கெல்லாம் ஆங்கிலத்தில் மரியாதையாகப் பதில் சொன்னாள். நடுவில் ஒரே ஒரு தமிழ் வார்த்தை வந்தது.

"மாமா, இன்னொரு தோசை?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயிறு நிறைந்திருந்தும், "போடம்மா" என்றேன்.